நூற்றைம்பது கேபிக்குள்

ஏப்ரல் 8, செவ்வாய்

சிகாமணி சாருக்குத் தினமும் மாலையில் வேலை அறிக்கை அனுப்ப வேண்டும். எத்தனை படம் முடிந்தது, எத்தனை பாக்கி. முதலாளிக்கு அவ்வளவு போதும். அதில் எழுத முடியாததை இங்கே எழுதிக்கொள்கிறேன். இல்லாவிட்டால் நேராக அவரிடமே சொல்லித் தொலைப்பேன், வேலை போய்விடும்.

வேலை இதுதான். இந்தத் தாலுகாவின் புலப்படங்கள், அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எந்தக் காலத்திலோ கையால் வரைந்து வைத்த நில அளவைத் தாள்கள், எல்லாவற்றையும் கூட வேலை செய்யும் ஹசீனா ஸ்கேன் செய்து முடித்துவிட்டாள். எல்லாம் டிஃப் கோப்புகள். துளிகூடச் சுருக்காதவை. ஒரு தாள் முப்பத்தைந்து எம்பி. நாலு கோடு, பத்து எண், மீதி வெற்றுக் காகிதம். அந்த வெற்றுக் காகிதத்தையும் அணு அணுவாகச் சுமந்துகொண்டு நிற்கிறது கோப்பு. இணையதளத்தில் ஏறும் படமோ நூற்றைம்பது கேபியைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தத்தில் அப்படி. ஏதோ ஒரு கிராமத்தில் ஒருவர் செல்போனில் தட்டினால் உடனே திறக்க வேண்டும். நியாயம்தான்.

ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேல் மாடி. கீழே எந்நேரமும் ரப்பர் வேகும் நாற்றம். மின்விசிறி சுற்றுகிறது. காற்றுதான் வரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

ஜேபெக்காக மாற்றிப் பார்த்தேன். அளவு குறைகிறது, ஆனால் எழுத்தைச் சுற்றிக் கொசகொசவென்று ஒரு படலம். மூன்றா எட்டா தெரியவில்லை. நில அளவில் மூன்றுக்கும் எட்டுக்கும் வெட்டுக்குத்து நடக்கும்.

கறுப்பு வெள்ளையாக்கி பிஎன்ஜியில் போட்டால் கோடு கத்தி மாதிரி நிற்கிறது. ஆனால் நானூறு கேபி. காரணம் அழுக்கு. பூஞ்சை, மைத்தெறிப்பு, ஈ எச்சம். ஒவ்வொரு பொட்டும் கோப்பில் இடம் கேட்கிறது.

சிகாமணி சார் வந்து பார்த்தார். "இன்னும் ஆரம்பிக்கலையா குமணா?" என்றார். ஆரம்பித்துத்தான் இப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். முகம் மாறியது. மாறட்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

முடித்தேன். எட்டே வரி நிரல். எதையும் தொடாமல் தனியாக நிற்கிற, குறிப்பிட்ட அளவுக்குச் சிறிய கறுப்புப் பொட்டு எதுவானாலும் அழி. நானூறு கேபி தொண்ணூறாகிவிட்டது. நேற்று அச்சடித்த தாள் மாதிரி பளிச்சென்று இருக்கிறது.

பத்துத் தாளை எடுத்துப் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தேன். எண், கோடு, எல்லைக்கல் எதுவும் போகவில்லை. சிகாமணி சார் தோளைத் தட்டினார். எனக்குப் பிடிக்காது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. லீவு இல்லை. ஹசீனா வீட்டிலிருந்து வடை கொண்டு வந்தாள். "உங்க பண்டிகைக்கு நான் வடை சுட வேண்டியிருக்கு பாரு" என்றாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மாற்றுவதும் ஏற்றுவதும் தானாக ஓடுகிறது. எனக்கு வேலை, நின்றுபோனால் மறுபடி ஓடவிடுவது. கரண்ட் போனால் திட்டுவது.

ஒரிஜினல் ஸ்கேன்கள் இரண்டு டிஸ்க்கில் இருக்கின்றன. முதல் டிஸ்க் முடிந்ததும் சிகாமணி சார் அதை அழிக்கச் சொன்னார். அடுத்த தாலுகா ஸ்கேனுக்கு டிஸ்க் வேண்டுமாம். புது டிஸ்க் வாங்குங்கள் என்றேன். "படந்தான் தளத்துல ஏறிடுச்சே, அப்புறம் எதுக்குப் பெருசு?" என்றார். காகிதத் தாள்களையும் கட்டிச் சென்னைக் கிடங்குக்கு அனுப்பியாயிற்று. சரி என்று அழித்தேன். அறுபத்திரண்டு ஊர்.

மே 2, வெள்ளி

தளம் திறந்தாயிற்று. சிகாமணி சாருக்குப் பொன்னாடை போட்டார்கள். அந்தப் படத்தை எனக்கு அனுப்பி, பேப்பருக்குக் கொடுக்கச் சுருக்கித் தரச் சொன்னார். அதையும் செய்தேன்.

கண் எரிகிறது. தூங்கினாலும் எரிகிறது.

மே 6, செவ்வாய்

மதியம் ஒரு அக்கா படியேறி வந்தார். நாற்பது வயதிருக்கும். மூச்சு வாங்கியது. கையில் திரை கீறிய செல்போன்.

"இதுல ஒரு நம்பர் போட்டுருக்கீங்களே. நாலு தபா அடிச்சேன், எடுக்க ஆளில்ல. அதான் நேரா வந்துட்டேன்."

"படம் திறக்கலையாக்கா?"

"படம் நல்லாத்தான் தொறக்குது. வழிதான் தொறக்கல."

பெயர் தேசம்மாள். கீழ்ச்செம்பாடி காலனியின் வார்டு மெம்பர். அவருடைய மாமனார் போன வாரம் இறந்துவிட்டார். காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை வேதாசலம் என்பவரின் நிலத்தின் குறுக்கே போகிறது. காலகாலமாக அதில்தான் பிணம் போயிருக்கிறது. தளம் திறந்த மறுநாளே வேதாசலம் கல் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார். பாடையோடு போனவர்களிடம் அந்தப் புலப்படத்தை அச்செடுத்துக் காட்டியிருக்கிறார். போலீஸ்காரரும் பார்த்துவிட்டு, "மேப்புல வழி இல்லியேம்மா, நாங்க இன்னா பண்றது" என்றாராம்.

"மத்தியானம் வரைக்கும் வெயில்ல வெச்சினு நின்னோம் தம்பி. அப்புறம் ரோட்டோரம் ஏரிக்கரையிலயே பொதைச்சோம். மழை வந்து ஏரி ரொம்பினா அந்த மனுசன் தண்ணிக்குள்ள கெடப்பாரு. அவரு போயிட்டாரு, சரி. காலனியில இன்னும் ரெண்டு கெழவிங்க இழுத்துனு கெடக்குதுங்க. அடுத்த சாவுக்கு எங்க போறது சொல்லு."

செல்போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். சுத்தமான படம். வேதாசலத்தின் நிலம் முழுக்க வெள்ளை.

"அக்கா, தாள்ல என்ன இருக்கோ அதுதான் படத்துல இருக்கும். நாங்க எதையும் சேர்க்கறதும் இல்ல, எடுக்கறதும் இல்ல" என்றேன்.

"சரி தம்பி. உன்னைச் சொல்லி இன்னா" என்றார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். செம்பை அவரே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அலுவலகம் சம்பந்தப்பட்ட புகார் இல்லை. அறிக்கையில் எழுதவில்லை.

மே 7, புதன்

ஹசீனாவுக்கு போன் போட்டு, புலப்படத்தில் பாதையை எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அவள் இரண்டு மாதம் அந்தத் தாள்களோடு கிடந்தவள்.

"வண்டிப்பாதைன்னா ரெட்டைக் கோடு. ஒத்தையடின்னா புள்ளி புள்ளியா வெச்சிருப்பாங்க. ஏன் கேக்கறே?"

ஒன்றுமில்லை என்றேன்.

மே 8, வியாழன்

இரண்டாவது டிஸ்க் ஹசீனாவிடம் இருக்கிறது. அடுத்த தாலுகாவில் ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறாள். காலையில் கூப்பிட்டு, அந்த டிஸ்க்கில் பழையதை எதையும் அழிக்காதே என்றேன்.

"நல்லா சொன்னே. இடம் வேணும்னா ஒவ்வொரு ஊரா அழிச்சுக்கோன்னு சாரே சொன்னாரு. நேத்தே மூணு ஊரு போச்சு."

"எந்த மூணு?"

"அதெல்லாம் யாரு ஞாபகம் வெச்சா? நீ ஏன் இப்படிக் கத்தறே?"

கத்தவில்லை. கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன்.

பஸ்ஸில் போனேன். நிற்க மட்டும்தான் இடம். அவள் ஒரு மர மேசையில் ஸ்கேனரை வைத்துக்கொண்டு, தலையில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டி, தூசிக்குள் உட்கார்ந்திருந்தாள். கீழ்ச்செம்பாடி இருந்தது. அடுத்து அழிக்கும் வரிசையில்.

தாளைத் திறந்தேன். அவளுடைய கணினியில் திறக்கவே நேரம் பிடித்தது. கோடுகள் வந்தன, பழுப்பு வந்தது, மூலையில் ஒரு டீ கறை வந்தது. நடுவில் புள்ளிகள். காலனிப் பக்கத்து எல்லையில் தொடங்கி, லேசாக வளைந்து, மேற்கு மூலையில் வெளியே போகின்றன. ஒரே அளவு, ஒரே இடைவெளி. யாரோ பேனாவை எடுத்து எடுத்து, பொறுமையாக வைத்திருக்கிறார்.

ஹசீனா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பிறகு அவளுடைய செல்போனில் தளத்தைத் திறந்து அதே படத்தைப் பார்த்தாள்.

"குமணா, இது எல்லா ஊருலயும் இப்படித்தானே இருக்கும்?"

நிரல் ஒன்றுதான். அவளுக்கே தெரியும். டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 9, வெள்ளி

சிகாமணி சாரிடம் சொன்னேன். நாற்காலியிலிருந்து எழுந்து கதவைச் சாத்தினார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் ஹசீனாவுக்கும்."

"அந்த ஒரு தாளை மட்டும் மாத்தி ஏத்திடு. சத்தமில்லாம. மத்ததை அப்புறம் பாப்போம்."

"மத்ததுலயும் இதே கதிதான் சார். முதல் டிஸ்க் ஊருங்களுக்கு ஒரிஜினலே இல்ல."

"யாராவது கேட்டாங்களா? கேட்டா பாத்துக்கலாம். இல்லாததை ஏண்டா நீயே கெளப்பறே? இது வெளிய தெரிஞ்சா கம்பெனியை மூடிட்டுப் போக வேண்டியதுதான். உனக்கும் சேத்துத்தான்."

அந்தத் தாளைப் புள்ளி நீக்காமல் மாற்றினேன். நானூற்றுப் பத்து கேபி. தளம் ஏற்க மறுத்தது. வரம்பைத் தளர்த்தி ஏற்றினேன்.

தேசம்மாள் அக்காவுக்கு போன் செய்து, இப்போது பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். லைனை வைக்காமலே படத்தைத் திறந்தார். பிறகு, "அய்ய, வந்துட்ச்சு டா" என்று யாரிடமோ கத்தினார். பின்னால் நாலைந்து பேர் ஒரே சமயத்தில் பேசுவது கேட்டது.

இதோடு முடிந்தது.

மே 12, திங்கள்

முடியவில்லை. வேதாசலத்திடம் பழைய படத்தின் அச்சு இருக்கிறது, தேதியோடு. போன வாரம் இல்லாத புள்ளி இந்த வாரம் எப்படி வந்தது என்று கேட்டு, வார்டு மெம்பர் கம்பெனி ஆளைப் பிடித்து அரசுப் படத்தில் பாதை வரைந்துவிட்டார் என்று புகார் கொடுத்துவிட்டார். தேசம்மாள் அக்காவை ஸ்டேஷனுக்கு அழைத்துப் பகல் முழுக்க உட்கார வைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் அவரே போன் செய்தார். குரல் கம்மியிருந்தது.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தப் புள்ளி முன்ன இருந்துச்சா, நீ வெச்சியா?"

"இருந்துச்சுக்கா."

"அப்ப நடுவுல எங்க போச்சு?"

பஸ்ஸில் இருக்கிறேன், சத்தம் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் பஸ்ஸில் இல்லை.

மே 13, செவ்வாய்

வியாழக்கிழமை ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், விசாரணை. கம்பெனி சார்பில் ஒரு கடிதம் போகும்: 'தொழில்நுட்ப மேம்பாட்டின்போது ஏற்பட்ட மாறுதல்'. சிகாமணி சார் வாசித்துக் காட்டினார். இதற்கு அர்த்தமே இல்லை என்றேன். "அர்த்தம் இல்லாம எழுதறதுக்குத்தான்யா வக்கீலுக்குக் காசு" என்றார்.

அர்த்தம் இல்லாவிட்டால் அக்காதான் வரைய வைத்தார் என்று ஆகும். சொன்னேன். "அது அவங்க பாடு" என்றார். டிஸ்க்கை மேசையில் வைக்கச் சொன்னார். வீட்டில் இருக்கிறது என்றேன்.

மே 14, புதன்

அம்மா போன். தம்பி ஃபீஸ் பற்றி. கட்டிவிடலாம் என்றேன்.

மே 15, வியாழன்

லீவு சொல்லவில்லை. டிஸ்க்கோடு நேராக ஆர்டிஓ ஆபீசுக்குப் போனேன்.

வராந்தாவில் காலனி ஆட்கள் இருபது பேர் வெயிலில் நின்றார்கள். தேசம்மாள் அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்தார். அவருக்குப் பக்கத்திலிருந்த ஒருவர், "இவனா?" என்றார். "இவந்தான். ஆனா யாரும் இவங்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றார் அக்கா.

ஆர்டிஓ ஒரு அம்மா. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். "நீங்க யாருப்பா? கம்பெனி லெட்டர் வந்தாச்சே."

"அந்த லெட்டர்ல ஒண்ணும் இல்ல மேடம். படத்தை மாத்தினது நான்தான். ஒரிஜினல் ஸ்கேன் எங்கிட்ட இருக்கு."

குமாஸ்தாவின் கணினி கிழடு. முப்பத்தைந்து எம்பியைத் திறக்கச் சொன்னதும் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். வேதாசலம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஒரு மாதமாக இந்தக் காத்திருப்பை ஒழிக்கத்தான் சம்பளம் வாங்கினேன். என் கால் தானாக ஆடியது. அக்கா அதைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டேன்.

படம் மேலிருந்து கீழாக வந்தது. புள்ளிகள் வந்ததும் பின்னால் வராந்தாவிலிருந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்களிடம் ஒரு முணுமுணுப்பு.

வேதாசலத்தின் வக்கீல் எழுந்தார். "மேடம், எவ்வளவு பழைய தாள்! இது ஈ எச்சம். பூச்சி அரிச்ச தடம். இதைப் போய் பாதைன்னா?"

"நானும் அழுக்குன்னுதான் மேடம் நினைச்சேன்" என்றேன். "அதனாலதான் அழிச்சேன்."

சொல்லிவிட்டேன். இனி எப்படிச் சொன்னாலும் ஒன்றுதான். கோப்பு அளவு, பொட்டு நீக்கம், எட்டு வரி நிரல், எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அடுத்த சர்வே எண்ணின் தாளைத் திறக்கச் சொன்னேன். மறுபடியும் முனகல், மறுபடியும் காத்திருப்பு. இந்தத் தாளில் மேற்கு மூலையில் புள்ளி வெளியேறும் இடமும், அந்தத் தாளில் புள்ளி உள்ளே வரும் இடமும் ஒரே எல்லைக்கல் பக்கத்தில். அங்கிருந்து சுடுகாடு என்று எழுதியிருக்கும் கட்டம் வரை.

"ஈ ஒரு தாள்ல விட்ட எடத்துலேர்ந்து அடுத்த தாள்ல தொடராது மேடம்."

யாரோ சிரித்தார்கள். குமாஸ்தா என்று நினைக்கிறேன். ஆர்டிஓ சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மத்த ஊர்களுக்கும் இதே முறையிலதான் பண்ணீங்களா?"

கம்பெனிக் கடிதம் அவர் மேசையில் இருந்தது. வெறும் 'பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமா மேடம். தாலுகா முழுக்க."

"ஒரிஜினல் எல்லாம் இருக்கா?"

"பாதிக்கு இல்ல. அழிச்சுட்டோம்."

"அழிச்சுட்டீங்க" என்றார் அவர். கேள்வியா இல்லையா என்று தெரியவில்லை. எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது தேசம்மாள் அக்கா பக்கத்தில் வந்தார். அடிப்பார் என்றே நினைத்தேன்.

"எடுக்கறதில்லன்னு அன்னிக்குச் சொன்னியே."

"ஆமாக்கா."

"எம் மாமனாரு ஏரிக்கரையில கெடக்காரு."

"ஆமாக்கா."

பிறகு ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினார்.

மே 16, வெள்ளி

சிகாமணி சார் கத்தினார். கேட்டுக்கொண்டேன். பொன்னாடை அலமாரி மேல் கிடந்தது. ஒரு கட்டத்தில் அவர் அழுதுவிடுவார் போலிருந்தது, அதுதான் கஷ்டமாக இருந்தது.

மே 21, புதன்

உத்தரவு வந்துவிட்டது. வேலியை ஏழு நாளில் எடுக்க வேண்டும். தளத்தை மூட வேண்டும். எல்லாத் தாளையும் கம்பெனி தன் செலவில் மறுபடி செய்து தர வேண்டும், ஒவ்வொன்றையும் ஆள் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் டிஸ்க் ஊர்களுக்கும் ஹசீனா அழித்த மூன்றுக்கும் சென்னைக் கிடங்கில் பெட்டியைப் பிரித்து மறுபடி ஸ்கேன்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. சம்பளம் பாதி. இந்தச் சம்பளத்துக்கு இதைச் செய்ய வேறு ஆள் கிடைக்க மாட்டான் என்று சிகாமணி சார் ஹசீனாவிடம் சொன்னாராம். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கும் பாதிதான்.

ஜூன் 3, செவ்வாய்

கிடங்கில் வேலை. முதல் டிஸ்க் ஊர்களின் பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலையாக இருக்கிறது. கிடைத்தவரை ஹசீனா ஸ்கேன் செய்கிறாள், நான் பார்க்கிறேன். முழு அளவில் வைத்து, மூலையிலிருந்து மூலைக்கு. எது பூஞ்சை, எது பேனா. கழுத்து பிடித்துக்கொண்டது. இதுவரை பார்த்த ஊர்களில் ஏழெட்டில் புள்ளிப் பாதை. ஒன்று கிணற்றுக்கு. ஒன்று எங்கே போகிறதென்றே தெரியவில்லை, பக்கத்துத் தாளைக் கறையான் தின்றுவிட்டது.

மதியம் தேசம்மாள் அக்கா கூப்பிட்டார். எடுக்கலாமா என்று கொஞ்சம் யோசித்தேன்.

"தம்பி, நேத்து கல்லெல்லாம் புடுங்கியாச்சு. போலீஸே நின்னு புடுங்க வெச்சாங்க."

"சரிக்கா. யாராவது... அந்தப் பாட்டிங்க..."

"ஐயே, ஒருத்தரும் சாவல. ரெண்டும் நல்லாக் கெடக்குதுங்க. நாங்களா சும்மா நடந்துட்டு வந்தோம். பொம்பளைங்க, புள்ளைங்க எல்லாம். சுடுகாடு வரைக்கும் போயி, அங்க கொஞ்ச நேரம் குந்திட்டு, திரும்பி வந்தோம். சாவு இல்லாம அந்த வழியில போனது இதான் மொத தபா." சிரித்தார். பிறகு, "மாமனாரை மட்டும் எடுக்க முடியாதுன்னுட்டாங்க. கெடக்கட்டும்" என்றார்.

பேனாவைக் கீழே வைத்தேன்.

"நீ எங்க இருக்கே?"

"சென்னையிலக்கா. மத்த ஊரு தாளெல்லாம் பார்த்துட்டு இருக்கேன்."

"எத்தினி ஊரு?"

"இன்னும் அம்பதுக்கு மேல இருக்கு."

"அம்பது ஊரா" என்றார். "அப்ப சோறு துன்னுட்டு ஒக்காரு."